ரயில் போன தடமா, ரோட்டோரமா? வேலைக்கு ஓடிப் போகிறவனின் கணக்கு

ஹில்வியூவில் வீடு, ஒன்-நார்த்தில் வேலை. ரயிலில் போனால் டவுன்டவுன் பாதையில் ஏறி, பூமலையில் வட்டப் பாதைக்கு மாறி, நடையும் சேர்த்து வாசலிலிருந்து மேசைவரை 45 நிமிடம். (பொட்டானிக் கார்டன்ஸ்தான் பூமலை. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அந்தப் பெயர்தான் வாயில் வரும்.) ஓடிப் போனால் 52 நிமிடம். ஏழே நிமிட வித்தியாசம் என்று தெரிந்த நாளில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. குளிக்கிற நேரத்தைச் சேர்க்கவில்லையே என்று மனைவி கேட்டாள். வீட்டில் குளித்தாலும் அதே பத்து நிமிடம்தானே என்றேன். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றரை ஆண்டாக வாரத்தில் மூன்று காலை இப்படித்தான் போகிறேன். எந்த வழி, எந்த ஷூ, எதைத் தின்றுவிட்டு ஓடுவது என்று ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று விதமாகச் செய்து பார்த்தாயிற்று. அதில் தப்பியதையும் தேறியதையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன்.

வழியில் தொடங்குவோம். ஒன்று, அப்பர் புக்கிட் தீமா சாலையின் நடைபாதையைப் பிடித்துத் தெற்கே வந்து, ஹாலண்ட் பக்கம் திரும்பி இறங்குவது. ஒன்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். மற்றொன்று ரயில் காரிடார், எட்டு கிலோமீட்டர். 1932இல் தஞ்சோங் பகாருக்குத் திருப்பிவிட்ட மலாயா ரயில்பாதை அது. 2011 ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, 24 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தத் தடத்தைப் பச்சையாகவே விட்டுவைத்தார்கள். மலாயா ரயில்வேயில் தண்டவாள வேலைக்குத் தமிழ்நாட்டுத் தமிழர்களும், ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் வேலைக்கு யாழ்ப்பாணத் தமிழர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். அந்த நினைப்போடு ஓடும்போது, நம் ஆட்கள் சமன் செய்து வைத்த தரையில்தான் கால் வைக்கிறோம் என்று தோன்றும்.

சமன் என்பது இங்கே வெறும் பேச்சில்லை. ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. செங்குத்தாக இருந்தால் சக்கரம் வழுக்கும். அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, சாய்வு தெரியாத மாதிரிதான் பாதை போடுவார்கள். சாலைக்கு அந்தக் கவலை கிடையாது, நிலம் ஏறினால் அதுவும் ஏறும். புக்கிட் தீமா குன்று 163 மீட்டர் உயரம்தான், சிங்கப்பூரிலேயே அதுதான் உச்சி. ஆனால் அதன் அடிவாரத்து மேடு பள்ளங்கள் காலை ஆறு மணிக் கால்களுக்குப் போதும் போதுமென்று ஆகிவிடும். காரிடாரில் மூச்சு ஒரே சீராகப் போகும். சிக்னலும் கிடையாது. சாலை வழியில் பச்சை மனிதனுக்காக நான் நின்ற நேரத்தை ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன், ஒரு காலைக்கு ஆறேழு நிமிடம் அதிலேயே போயிருந்தது.

அப்படியானால் காரிடார்தான் என்று உடனே முடிவு கட்ட முடியாது. இருட்டு இருக்கிறது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். நிலப்படத்தில் நாம் இருக்கும் இடத்துக்கு ஒரு மணி நேரம் பின்தங்கிய கடிகாரம்தான் பொருந்தும். 1982 தொடக்கத்தில் மலேசியாவோடு சேர்ந்து அரை மணி முன்னால் தள்ளிக்கொண்டோம். 6.15க்குக் கிளம்பினால் பாதித் தூரம் நெற்றி விளக்கு இல்லாமல் ஆகாது. அப்புறம் இடி. ஆண்டில் 150க்கும் மேற்பட்ட நாட்களில் இங்கே இடி முழங்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று, விடியலுக்கு முன்னாலும் காலையிலும் பார்த்துத்தான் வந்து சேரும். மரங்களுக்கு நடுவே ஒதுங்க இடமில்லாமல் மாட்டிக்கொண்டால் ஓட்டமும் வேண்டாம், வேலையும் வேண்டாம் என்றாகிவிடும். சாலையில் பத்தடிக்கு ஒரு கூரை, பேருந்து நிறுத்தம், கடை. முடியாவிட்டால் ஏறி உட்கார்ந்துவிடலாம்.

ஆக, வானம் தெளிவாக இருந்தால் காரிடார், மேகம் உறுமினால் சாலை, மின்னலே வந்துவிட்டால் பேசாமல் ரயில். இதில் எனக்கு இப்போது குழப்பமில்லை. ஷூ விஷயத்தில்தான் காசை விட்டேன்.

தடம் முழுக்க மண்ணாயிற்றே, டிரெயில் ஷூ வாங்கு என்று எல்லாரும் சொன்னார்கள். வாங்கினேன். மலைச்சேற்றுக்கென்றே செய்த ஒரு ஜோடி, அடியில் ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பல் பல்லாக ரப்பர். பார்க்கவே ஒரு கெத்து. முதல் வாரத்திலேயே பாதம் எரிய ஆரம்பித்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஆழமான பற்கள் இளகிய மண்ணில் புதைந்து பிடிப்பதற்கானவை. காரிடாரின் பெரும்பகுதி பொடிக்கல்லை இறுக்கி அமுக்கிய கெட்டித் தரை. பல் புதைய அங்கே இடமில்லை. அதனால் உடம்பின் பாரம் முழுவதும் அந்தப் பற்களின் முனையிலேயே நிற்கிறது. குட்டிக் குட்டிக் கட்டைகள் மேல் நின்று ஓடுவது போலத்தான். தார் வந்தால் இன்னும் மோசம். சேற்று ஷூக்களின் ரப்பர் பெரும்பாலும் மிருதுவானது, தாரில் சீக்கிரம் தேயும்.

ஒரு மழைநாளில் அலுவலகத்து வாசலில் வழவழவென்ற தரையில் கால் வைத்தேன். ஈரமான வழவழப்புத் தரையில் பிடிப்பு வேண்டுமென்றால் ரப்பர் பரவலாகப் படிய வேண்டும், பற்களின் முனை மட்டும் பட்டால் போதாது. சர்ரென்று போய் லிஃப்ட் பக்கத்தில்தான் நின்றேன். செக்யூரிட்டி அங்கிள் எழுந்தே விட்டார். “பார்த்து, தம்பி” என்றார். எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. தம்பி என்றதில் அந்த வலியிலும் கொஞ்சம் சந்தோஷம்.

அதற்கு நேர் எதிரே சாதாரண ரோடு ஷூ. உண்மையைச் சொன்னால், காய்ந்த நாளில் காரிடாருக்கு அது போதும். மெத்தென்று இருக்கும், எடையும் குறைவு, அலுவலகத் தரையில் வழுக்காது. மழைக்கு மறுநாள்தான் அதன் குணம் தெரியும். ஓரப் புல்லும் பாசி படர்ந்த இடங்களும் வரும்போது அடி தட்டையாக இருப்பதால் பக்கவாட்டில் நழுவும். எதிரே சைக்கிள் வந்தால் ஓரம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், அப்போது கால் போவது அந்தப் புல்லில்தான். கணுக்கால் ஒரு முறை மடங்கி, பத்து நாள் ரயிலில் போனேன்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒரு சாதி இருக்கிறது. பாதி ரோடு, பாதி டிரெயில். மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு நெருக்கமான சின்னப் பற்கள், மேலே ரோடு ஷூவின் மெத்தை. ஹோக்கா சேலஞ்சர், நைக்கி பெகசஸ் டிரெயில் போன்றவை இந்த ரகம். முழுச் சேற்றுக்கு சலோமோன் ஸ்பீட்கிராஸ் மாதிரி ஷூவோடு இவை போட்டி போட முடியாது. தாரில் வேகத்துக்கு ரோடு ஷூவோடும் முடியாது. ஆனால் என் வழியைப் பிரித்துப் பாருங்கள்: முதல் கிலோமீட்டர் சிமெண்ட், அப்புறம் ஆறு கிலோமீட்டர் பொடிக்கல்லும் புல்லும், கடைசியில் மறுபடி நடைபாதை. மூன்றையும் சண்டையில்லாமல் தாண்டுவது இந்தக் கலப்புச் சாதி மட்டும்தான். டிரெயில் ஷூ வாங்கப் போகிறவர் கடைக்காரர் காட்டும் பல்லை எண்ணுவதற்கு முன்னால், தன் வழியில் எத்தனை கிலோமீட்டர் தார் என்று எண்ணிக்கொண்டு போக வேண்டும்.

நீர் புகாத ரகம் வேண்டுமா என்று கேட்பார்கள். கோர்-டெக்ஸ் போட்டது குளிர்நாட்டுக்கு நல்லது. இங்கே கொட்டுகிற மழையில் தண்ணீர் கணுக்கால் வழியாக உள்ளே போய்விடும், போனது வெளியே வராது. வியர்வையும் அதற்குள்ளேயேதான். காலில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு ஓடுவானேன்? வலைத்துணி ரகமே சரி, நனைந்தாலும் நாலு எட்டில் வடிந்துவிடும். பாதத்தைக் கூர்ங்கல் குத்தாமல் இருக்க உள்ளே தகடு வைத்ததற்கும் இந்தத் தடத்தில் வேலையில்லை. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து மில்லிமீட்டருக்குப் பழகிய கால் திடீரென்று ஆல்ட்ரா மாதிரி வித்தியாசமே இல்லாத ஷூவுக்கு மாறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மாறுவதானால் வாரத்துக்கு ஒரு நாள் என்று மெதுவாகத்தான்.

வாரம் 24 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு 1,250 ஆகிறது. ஒரு ஜோடி பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். ஆக ஆண்டுக்கு இரண்டு ஜோடி. அதை முதலிலேயே வாங்கி மாற்றி மாற்றிப் போடுவதுதான் உத்தமம். இந்த ஈரக்காற்றில் நனைந்த ஷூ ஒரு ராத்திரியில் காயாது. பழைய தமிழ் முரசைச் சுருட்டி உள்ளே திணித்து வைத்தாலும் மறுநாள் காலையில் ஒரு வாடை அடிக்கும்.

சரி, சாப்பாடு. இதில் பந்தயக்காரர்களின் பேச்சை அப்படியே நம்பி ஓடும்போதே உறிஞ்சுகிற மாவுச்சத்து ஜெல் பொட்டலம் வாங்கி அடுக்கினேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓடினால் கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. எனக்கு 68 கிலோ, எட்டு கிலோமீட்டர், ஆக 540 கலோரி. தசைகளில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து மட்டுமே 400 கிராமுக்கு மேல், 1,600 கலோரி வரும். அதில் மூன்றில் ஒரு பங்குதான் செலவு. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடு என்ற அறிவுரை ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஓடுகிறவர்களுக்கு. நான் 52 நிமிடத்தில் குளியலறையில் நிற்கிறேன்.

அப்படியானால் வெறும் வயிறே போதுமா? போதும், ஆனால் சுகமில்லை. ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததில் ஈரலில் உள்ள இருப்பு குறைந்திருக்கும், முதல் மூன்று கிலோமீட்டர் கால் தன்னுடையது போலவே இருக்காது. ஜெல்லில் 20, 25 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்திலும் அவ்வளவுதான், விலையோ ரொம்பக் குறைவு. இரண்டு இட்லி நன்றாகத்தான் இருக்கும், சாம்பார் சேர்ந்தால் ஐந்தாம் கிலோமீட்டரில் அது தொண்டைக்கு வந்து நலம் விசாரிக்கும். கோப்பி எனக்கு உற்சாகம் தருகிறது, ஆனால் காட்டுக்கு நடுவில் வயிறு கூப்பிடும் அபாயமும் கூடவே வருகிறது. அரைக் குவளை கோப்பி-ஓ (பால் விடாத காப்பி), ஒரு வாழைப்பழம், கிளம்ப இருபது நிமிடம் முன்னால். இதில்தான் நிலைத்திருக்கிறேன். பழத்தை வழியில் தின்னலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். புக்கிட் தீமா காட்டுப்பகுதியை ஒட்டிப் போகும்போது குரங்குகள் உங்களைவிட நன்றாக ஓடும்.

உண்மையான பஞ்சம் தண்ணீருக்குத்தான். விடியலுக்கு முன்னால் இங்கே ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல். பிற்பகலைவிட வெப்பம் குறைவு என்பது சரி, ஆனால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழிகிறது. கிளம்பும்போதும் சேர்ந்த பிறகும் எடை பார்த்தேன்: 1.1 கிலோ குறைவு. அதாவது ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை, உப்பும் அதோடுதான். கடைகளில் விற்கும் விளையாட்டு பானம், உப்புநீர்க் கரைசல் தூள், வீட்டு எலுமிச்சைத் தண்ணீர் மூன்றையும் குடித்துப் பார்த்தேன். பானம் தித்திப்பு அதிகம். தூள் வயிற்றுப்போக்குக்காகச் செய்தது, லிட்டருக்கு 20.5 கிராம் கரைப்பது, ருசி மருந்துதான். எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் சர்க்கரை போட்ட 300 மில்லி மென்புட்டி ஒன்று போதுமானதாக இருக்கிறது. மீதியைச் சேர்ந்த பிறகு குடித்துக்கொள்ளலாம்.

காலை உணவு ஓடி முடித்த பிறகுதான். கிம் மோ உணவங்காடியில் காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவிய டோஸ்டும் அரைவேக்காட்டு முட்டை இரண்டும் என்றால் பதினொன்று வரை தாங்கும். பிராட்டா சாப்பிட்ட நாளில் பத்து மணிக் கூட்டத்தில் கண் சொக்கியது.

மாலையில் வீட்டுக்கு ஓடுவதா என்றால், அங்கே இந்தக் கணக்கெல்லாம் மாறும். அலுவலகத்தில் ஷவர் இல்லாதவர்களுக்கு அதுதான் வழி, வேறு போக்கில்லை. ஆனால் மதியம் பன்னிரண்டுக்குச் சாப்பிட்டு ஆறரைக்குக் கிளம்பினால் வயிறு காலி, வெயிலின் சூடும் தரையிலிருந்து இறங்கியிருக்காது. ஐந்து மணிக்கு நாலு பேரீச்சம்பழமாவது உள்ளே போக வேண்டும். நான் காலைக்காரன்.

பை பற்றி ஒரே வார்த்தை: மடிக்கணினியோடு ஓடாதீர்கள். திங்கள்கிழமை ரயிலில் மூன்று நாள் சட்டைகளைக் கொண்டுபோய் லாக்கரில் வைத்துவிடுகிறேன். முதுகில் சாவி, கைப்பேசி, புட்டி மட்டும்.

அந்த ஆழப்பல் ஷூவையா கேட்கிறீர்கள்? ஜொகூரில் இருக்கும் மச்சான் குனோங் லெடாங் மலை ஏறப் போவதாகச் சொன்னான், கொடுத்துவிட்டேன். சேற்றில் உடும்பு மாதிரிப் பிடிக்கிறதாம்.