நாய்க்கு நகம் வெட்ட எது நல்லது: குறடு வகையா, கிரைண்டரா?

டைல்ஸ் தரையில் நாய் நடக்கும்போது 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் நகம் நீண்டுவிட்டது என்று பொருள். அப்படியே விட்டால் விரல்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு நடையே மாறிப்போகும். வயதான நாய்க்கு மூட்டுவலியும் கூடும். ஆகவே வெட்டத்தான் வேண்டும், எதை வைத்து என்பதுதான் கேள்வி.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், காவலுக்குப் பெரிய நாய் வளர்க்கும் வீடுகள் நிறைய. எங்களுடையது பூர்புல் என்ற பெரிய காவல் நாய் இனத்தின் கலப்பு. நகம் முழுக்கக் கறுப்பு, தடிமனும் அதிகம். கில்லட்டின், கிரைண்டர், குறடு வகை மூன்றையும் அதன் காலில் பார்த்த பிறகு வீட்டில் தங்கியது குறடு வகைதான்.

கில்லட்டினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வளையத்துக்குள் நகத்தை நுழைத்து அழுத்தினால் பிளேடு வந்து வெட்டும். சின்ன நாய்க்கும் நடுத்தர நாய்க்கும் சரி. பூர்புல், ரிட்ஜ்பேக் போன்ற நாய்களின் நகம் வளையத்துக்குள் போனாலும் சிக்கி நசுங்கும். பிளேடை மட்டும் மாற்றலாம் என்பது நல்ல வசதி, ஆனால் அதே அளவு பிளேடு கடையில் கிடைக்க வேண்டுமே.

கிரைண்டர் நல்ல கருவி, அதை மறுக்க மாட்டேன். மோட்டாரில் சுழலும் உருளை நகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பதால் உள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கும் உயிர்ச்சதையை ஒரேயடியாக வெட்டிவிடும் ஆபத்து குறைவு. விளிம்பும் வழவழப்பாக வரும்; சோபாவைக் கீறாது, மடியில் ஏறும் குழந்தையையும் கீறாது. ஆனால் ஒரே இடத்தில் ஓரிரு வினாடிக்கு மேல் வைத்தால் நகம் சூடாகும். காலில் முடி அதிகம் உள்ள நாய்க்கு முடி சுற்றிக்கொள்ளும். சத்தமும் அதிர்வும் வேறு. தீபாவளி வெடிச் சத்தத்துக்கும், பட்டாசு வெடிக்கும் நவம்பர் 5 கை ஃபாக்ஸ் இரவுக்கும் கட்டிலுக்கடியில் ஒளியும் நாயிடம் இதை ஒரே நாளில் பழக்க முடியாது. கருவியை ஓடவிடாமல் பக்கத்தில் வைத்து, அப்புறம் தூரத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் தின்பண்டம் கொடுத்து, பல நாள் எடுத்துத்தான் பழக்க வேண்டும். சார்ஜில் ஓடும் வகை என்றால் மின்வெட்டு நாட்களில் பேட்டரி இருக்கிறதா என்ற கவலையும் சேரும். 2023-இல் இங்கே இருந்த நிலை எல்லோருக்கும் நினைவிருக்கும். தேய்க்கும் உருளையும் தேய்ந்துபோகும். மழுங்கின உருளை நகத்தைத் தேய்ப்பதைவிடச் சூடாக்குவதுதான் அதிகம்.

குறடு வகை, ரோஜாச் செடியைக் கவாத்து செய்யும் கத்தரி போல இருக்கும். இரண்டு வளைந்த அலகு, நடுவில் ஸ்பிரிங். கைப்பிடி நீளம் என்பதால் தடித்த நகத்தையும் கை நோகாமல் வெட்டலாம். எங்கே வெட்டுகிறோம் என்பதும் கண்ணுக்கு நேராகத் தெரியும். பல மாடல்களில் ஒரு சின்னத் தடுப்புத் தகடு இருக்கும். நகம் அளவுக்கு மேல் உள்ளே போகாமல் தடுக்கும் என்பார்கள். கறுப்பு நகத்தில் உயிர்ச்சதை எங்கே முடிகிறது என்று தகட்டுக்கு எப்படித் தெரியும்? நான் அதை நம்பி வெட்டுவதில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இதைப் பலர் கவனிப்பதில்லை. மழுங்கிய அலகு நகத்தை வெட்டாது, நசுக்கும். உயிர்ச்சதையைத் தொடாவிட்டாலும் அந்த அழுத்தம் நாய்க்கு வலிக்கும். வலித்த நாய் அடுத்த முறை காலைக் கொடுக்காது. கட்டிப்பிடித்து வெட்டும் நிலைக்கு வந்துவிட்டால் அது விபத்தில்தான் முடியும். ஆக, கூர்மை இருந்தால் பாதுகாப்பு பாதி வந்துவிட்டது.

டர்பனில் கூர்மையைக் காப்பதே தனி வேலை. கடற்காற்று, கோடையில் புழுக்கம். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் அலகில் துருப்புள்ளி வரும். வெட்டி முடித்ததும் முடியையும் தூளையும் உலர்ந்த துணியால் துடைத்து, மூட்டில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு, குளியலறையில் வைக்காமல் உலர்ந்த அலமாரியில் வையுங்கள். இவ்வளவுதான் பராமரிப்பு. கிரைண்டருக்கு உருளை, பேட்டரி, சார்ஜர் என்று மூன்றைக் கவனிக்க வேண்டும். இதற்குத் துணியும் எண்ணெயும் போதும். மழுங்கிவிட்டதா என்று தெரிய, வெட்டிய இடத்தைப் பாருங்கள். பரப்பு வழவழப்பாக இருந்தால் அலகு நன்றாக இருக்கிறது. செதில் செதிலாகப் பிளந்திருந்தால் சாணை பிடிக்கக் கொடுங்கள், இல்லையென்றால் புதிது வாங்குங்கள். வளைந்த அலகை வீட்டுத் தட்டைக் கல்லில் தேய்த்தால் வளைவு கெடும்.

வெட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிவது உயிர்ச்சதை. அதற்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்துங்கள். கறுப்பு நகத்தில் நுனியிலிருந்து மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் வெளிறி, உலர்ந்து இருக்கும். நடுவில் ஈரப்பசையோடு கரும்புள்ளி தெரிந்ததும் போதும். தரையில் படாத கட்டைவிரல் நகத்தை மறக்காதீர்கள். தேய வழியில்லாமல் அது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். ரத்தம் வந்தால் ஸ்டிப்டிக் பவுடர், அது இல்லையென்றால் மேசீனா (சோள மாவு) வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

ஒருவர் வெட்ட, இன்னொருவர் நாயின் கவனத்தைத் திருப்பினால் வேலை சுலபம். எங்கள் வீட்டில் தட்டில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக் கொடுப்போம். டப்பாவில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் தொடாதீர்கள், அது நாய்க்கு விஷம்.

சின்ன நாய்களோடு எனக்குப் பழக்கம் குறைவு. கிரைண்டரையும் உறவினர் வீட்டிலிருந்து இரவல் வாங்கிக் கொஞ்ச காலம்தான் பயன்படுத்தினேன். அந்த அளவில் சொல்வதென்றால், நகவெட்டிக்குப் பயந்துபோன நாய்க்கும், உயிர்ச்சதை நுனிவரை நீண்டுவிட்ட நகத்துக்கும் கிரைண்டர்தான் சரி. அப்படி நீண்ட நகத்தை வாரம் ஒருமுறை கொஞ்சமாகக் குறைத்துவந்தால் உயிர்ச்சதையும் மெல்லப் பின்வாங்கும். குட்டையானதும் குறடுக்கே மாறிவிடலாம்.