மஞ்சளாக வந்த ரெண்டு ரூபாய்: எரர் காயினா, முலாம் பூசியதா?

வெள்ளையாக இருக்க வேண்டிய ரெண்டு ரூபாய் மஞ்சளாக வருகிறது, தடிமனான பழைய அஞ்சு ரூபாய் செம்பு நிறத்தில் வருகிறது, பத்து ரூபாய் முழுக்க ஒரே நிறத்தில் வருகிறது. மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போதோ, மீனாட்சியம்மன் கோயில் பக்கம் பூ வாங்கும்போதோ சில்லறையோடு சில்லறையாக இப்படி ஒன்று கையில் விழுந்தால் உடனே வருகிற கேள்வி, இது அரசு நாணயச் சாலையான மின்ட்டில் தவறிப்போய் வேறு உலோகத்தில் அடிபட்ட எரர் காயினா, இல்லை வெளியே யாரோ முலாம் பூசியதா என்பதுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் முலாம்தான். ஆனால் எடை போடாமல் அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள், ஏனென்றால் நிறம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சாட்சி சொல்லும், எடை அப்படிச் சொல்லாது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் காசு அந்த வருஷத்தில் எந்த உலோகத்தில் அடிக்கப்பட்டது என்று பாருங்கள். அஞ்சு ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டாலே மூன்று உலோகம்: 1992 முதல் வந்த தடிமனானது செம்பும் நிக்கலும் கலந்தது, 9 கிராம்; 2007 வாக்கில் வந்தது துருப்பிடிக்காத எஃகு, 6 கிராம்; 2009 வாக்கில் வந்தது நிக்கல் கலந்த பித்தளை, அதுவும் 6 கிராம். மூன்றுக்கும் விட்டம் 23 மில்லிமீட்டர். இது தெரியாமல் 2007-ஆம் வருஷத்து வெள்ளை அஞ்சு ரூபாயைக் காட்டி "எரர்" என்கிறவர்கள் இருக்கிறார்கள். தாமரை போட்ட பழைய 20 பைசாவும் இப்படித்தான், மஞ்சளாகத் தகதகக்கும், தங்கம் கலந்தது என்று பாட்டிமார் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். 1968 முதல் 1971 வரை அது நிக்கல் பித்தளையில்தான் அடிக்கப்பட்டது, அதன் இயல்பான நிறமே அதுதான்.

சரி, மஞ்சள் ரெண்டு ரூபாய்க்கு வருவோம். இரண்டு கட்சியையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்க இதைவிட நல்ல காசு இல்லை. 2011-இல் ரூபாய்க் குறியோடு வந்த ரெண்டு ரூபாய் எஃகு, 25 மில்லிமீட்டர், 4.85 கிராம், காந்தம் ஒட்டும். முலாம் பூசியது என்றால் இந்த மூன்றும் அப்படியே இருக்கும்: எடை 4.85-ஐ ஒட்டி நிற்கும், அளவு சரியாக இருக்கும், காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் டப்பென்று ஒட்டும். நிறம் மட்டும்தான் வேறு. உண்மையான எரர் என்றால், அஞ்சு ரூபாய்க்கு வெட்டி வைத்த பித்தளை வில்லை (இன்னும் அச்சு விழாத வெற்றுத் தகடு) ஒன்று ரெண்டு ரூபாய் அச்சுக்குள் போயிருக்க வேண்டும். அப்போது எடை 6 கிராமை ஒட்டி இருக்கும், காந்தம் ஒட்டாது, வில்லை 23 மில்லிமீட்டர்தான் என்பதால் அச்சு விழும்போது காசைச் சுற்றிப் பிடித்திருக்கும் 25 மில்லிமீட்டர் வளையத்தை முழுதாக நிரப்ப முடியாமல் ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும், விளிம்பை ஒட்டிய எழுத்தோ கோடோ முழுசாக விழாது. எடை, அளவு, காந்தம் மூன்றும் ஒன்றாக மாறினால்தான் அந்தக் காசை நான் எரர் என்று நம்பத் தொடங்குவேன். நிறம் மட்டும் மாறி மற்றதெல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் முலாம்தான்.

எடை போடுவதற்கு மளிகைக்கடைத் தராசு உதவாது. மதுரையில் இதற்கு வழியா இல்லை? தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைக்கடைகள்தான், மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருக்கும், "அண்ணே, இந்தக் காசு மட்டும் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். வித்தியாசத்தை எப்படிப் படிப்பது என்பதும் முக்கியம். 23 மில்லிமீட்டர் காசின் மேல் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்குச் செம்பு பூசினால் கூடுகிற எடை 0.01 கிராமுக்கும் குறைவு. தங்கமே பூசினாலும் 0.02 கிராமைத் தாண்டாது. புழங்கித் தேய்ந்ததில் குறைகிற எடை இதைவிட அதிகம். அதனால் எடையை வைத்து முலாமைக் கண்டுபிடிக்க முடியாது, வில்லை மாறியிருக்கிறதா என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்பி, "எடை சரியாக இருக்கிறது, அப்படியானால் ஒரிஜினல் எரர்" என்று தலைகீழாக முடிவு கட்டிவிடுகிறார்கள்.

காந்தத்துக்கும் எல்லை உண்டு. செம்பு நிறமாக வரும் தடிமனான அஞ்சு ரூபாய்க்கு அது பதிலே சொல்லாது, ஏனென்றால் செம்பு-நிக்கல் கலவையும் ஒட்டாது, தனிச் செம்பும் ஒட்டாது. தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்க்கலாமே என்பார்கள், இரண்டுக்கும் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றுதான், 8.9 பக்கம். ஆக இந்தக் காசுக்கு லென்ஸ்தான் கதி.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு வெயில் வெளிச்சத்தில் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: நிறம் முதலில் வந்ததா, கீறல் முதலில் வந்ததா? முலாம் என்பது காசு அடித்து, பெரும்பாலும் நாலு கை மாறித் தேய்ந்த பிறகு பூசப்படுவது. அதனால் பழைய கீறலுக்குள்ளும் குழிக்குள்ளும் புது நிறம் பளபளவென்று இறங்கியிருக்கும், தேய்ந்து மழுங்கிய சிங்கத்தின் மேல் புத்தம் புதிய மினுக்கு இருக்கும், இந்தப் பொருந்தாமை ஒன்றே போதும். எழுத்துகளின் அடியில் கூர்மை குறைந்து லேசாக நிரம்பினாற்போல் தெரியும், சில இடத்தில் பொடிக் கொப்புளம் இருக்கும். மின்முலாம் போட்டவர் கம்பியில் மாட்டித் தொட்டியில் விட்டிருந்தால் விளிம்பில் எங்காவது ஒரு புள்ளியில் நிறம் ஏறாமல் நிற்கும். பூசிய பிறகும் புழங்கியிருந்தால் மேடான இடங்களில் பழைய வெள்ளை எட்டிப் பார்க்கும். வில்லையே வேறு உலோகம் என்றால் மேடு, பள்ளம், கீறல், விளிம்பு எல்லாம் ஒரே நிறம், கவரிங் வளையலுக்கும் பொன் வளையலுக்கும் உள்ள அதே வித்தியாசம். ஆனால் பார்ப்பதற்காக நீங்களாகக் கீறிவிடாதீர்கள். ஒருவேளை அது உண்மையான எரராக இருந்தால் அந்தக் கீறல் அதன் விலையைத் தின்றுவிடும்.

பத்து ரூபாய் சுலபம். வளையமும் நடு வில்லையும் சேரும் கோடு இருக்கிறது, ஆனால் நிறம் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரே சீராக ஓடுகிறது என்றால் பெரும்பாலும் பூசியதுதான்.

முலாம் கட்சிக்கு ஆதரவாக இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். எடையும் அளவும் சரியாக இருந்தும் மின்ட்டிலேயே நிறம் மாறுவது உண்டு. வெற்று வில்லைகளை அச்சுக்கு அனுப்பும் முன் உலையில் சூடாக்கி மென்மையாக்குவார்கள். உலையில் தங்கிப்போன செம்புத் தூள் அந்தச் சூட்டில் வில்லையின் மேல் படிந்து ஒட்டிக்கொண்டால் அடித்த காசு செம்பாகவோ கருஞ்சிவப்பாகவோ வரும், அமெரிக்காவின் 5 சென்ட் காசுகளில் இதைச் சேகரிப்பவர்கள் நன்றாக அறிவார்கள். இங்கே நிறம் முதலில் வந்தது, அச்சு பிறகு விழுந்தது. ஆகவே படிவு திட்டுத்திட்டாக இருந்தாலும் எழுத்துகள் அதன் மேல் கூர்மையாக நிற்கும், அச்சு அழுத்தத்தில் உலோகம் ஓடிய மெல்லிய கோடுகள் நிறத்தின் மேலேயே தெரியும். தேயாத காசில்தான் இதை நம்பிப் பார்க்க முடியும்.

இரண்டிலும் சேராத மூன்றாவது கூட்டமும் பெரிது. தீயில் விழுந்தது, மண்ணில் புதைந்தது, புளி போட்டு ஊற வைத்தது. பித்தளைக் காசு புளிப்பில் ரொம்ப நேரம் கிடந்தால் மேலே இருக்கும் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் சிவப்பாக மிஞ்சும். யாரும் ஏமாற்றவில்லை, மின்ட்டும் தவறவில்லை.

தங்கத்துக்கு டச் பார்க்கிற மெஷினில் வைத்தால் தெரிந்துவிடாதா என்றால், தெரியும், ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கும். முலாம் கனமாக இருந்தால் "செம்பு" என்று சீட்டு வரும், அதைக் காட்டி விற்பவர் விற்றுவிடுவார். எடையோடு சேர்த்துப் படித்தால்தான் அந்தச் சீட்டுக்கு அர்த்தம் உண்டு.

இந்தக் குழப்பம் நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. 1943-இல் அமெரிக்கா போருக்காகச் செம்பை மிச்சம் பிடிக்கத் துத்தநாகம் பூசிய எஃகில் ஒரு சென்ட் அடித்தது. தவறிப்போய் வெண்கலத்தில் அடிபட்ட சில காசுகள் பெரும் விலைக்குப் போகவே, எஃகுக் காசுக்குச் செம்பு பூசுகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். அங்கேயும் இதே இரண்டு கேள்விதான்: காந்தம் ஒட்டுகிறதா, எடை 2.7 கிராமா 3.11 கிராமா?

முலாம் பூசிய காசுக்கு முகமதிப்புதான், அஞ்சு என்றால் அஞ்சு. லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று கூப்பிடுகிறவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது, ஒரு பைசா கட்டாதீர்கள். எடை, அளவு, காந்தம் மூன்றும் மாறியிருக்கிற காசு கிடைத்தால் மட்டும் தேய்க்காமல், கழுவாமல், தராசில் நிற்கும் எடை தெரியும்படியும் விளிம்பு தெரியும்படியும் படம் எடுத்து, எரர் காயின் பழகிய சேகரிப்பாளர் ரெண்டு பேரிடமாவது காட்டுங்கள், விலையை அதற்குப் பிறகு பேசலாம்.