டேனியல் கானமன் புத்தகம்: பல வருஷம் கூட வைத்திருந்ததில் எது தேறியது

மனுஷர்கள் எப்படி யோசித்து முடிவெடுக்கிறார்கள் என்பது பற்றி உளவியல் அறிஞர் டேனியல் கானமன் எழுதிய 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' 2011இல் வந்தது. படித்து முடித்த சூட்டில் எழுதிய விமர்சனங்கள் ஏகப்பட்டது கிடைக்கும். வருஷக்கணக்கில் எடுத்து எடுத்துப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு நிஜமாகக் கைகொடுத்தது ஒரே ஒரு அத்தியாயம்தான்.

அதில் கானமன் தன் சொந்தக் கதையைச் சொல்கிறார். இஸ்ரேலில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு பாடப்புத்தகம் எழுத ஒரு குழு சேர்கிறது. எப்போது முடியும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொன்னால் எல்லாரும் சுமார் 2 வருஷம் என்கிறார்கள். குழுவில் பாடத்திட்ட நிபுணர் ஒருவரும் இருக்கிறார். அவரிடம், இதே மாதிரி மற்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டதும் மனுஷன் முகம் மாறிவிடுகிறது: சுமார் 40 சதவீதம் பேர் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு 7 முதல் 10 வருஷம். இவ்வளவும் தெரிந்தவர்தான் சற்று முன்னால் சீட்டில் 2 வருஷம் என்று எழுதியவர்! கடைசியில் 8 வருஷம் ஆனது, அந்தப் புத்தகத்தை யாரும் பயன்படுத்தவும் இல்லை.

நாங்கள் வீடு கட்டியபோது மேஸ்திரி "ஆறு மாசத்துல சாவி உங்க கையில சார்" என்றார். பொய் சொல்கிற ஆள் இல்லை, நம்பித்தான் சொன்னார். இந்த அத்தியாயம் ஞாபகம் வந்து, எங்கள் நகரில் சமீபத்தில் கட்டியவர்களுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று போய்க் கேட்டேன். மழை, சென்ட்ரிங் ஆட்கள் ஊருக்குப் போனது, எம்-சாண்ட் லோடு வராதது என்று காரணம் வீட்டுக்கு வீடு வேறு, ஆனால் ஒரு வருஷத்துக்குள் பால் காய்ச்சியவர் ஒருவரும் இல்லை. சரி என்று வாடகை ஒப்பந்தத்தை இன்னொரு 11 மாசத்துக்குப் புதுப்பித்துவிட்டோம். அதுவும் கொஞ்சம் பற்றவில்லை என்பது வேறு விஷயம்.

தேறாத பகுதியும் உண்டு. முதுமை பற்றிய சொற்களைப் படித்தவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்கிற ரகச் சோதனைகள் வரும் நாலாவது அத்தியாயத்தைத் தாராளமாகத் தாண்டலாம். அந்த வகைச் சோதனைகள் பலவும் திரும்பச் செய்து பார்த்தபோது நிற்கவில்லை. சிறிய மாதிரிகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று 2017இல் கானமனே எழுதினார். நோபல் வாங்கியவர் அப்படிப் பகிரங்கமாக எழுதியதில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது, அத்தியாயத்தின் மேல் இல்லை.

அப்புறம் டெட் (TED) என்கிற பிரபல உரை மேடையில் 2010இல் கானமன் பேசியது. 20 நிமிஷம் அருமையான சிம்பொனி கேட்ட ஒருவர், முடிவில் வந்த கர்ணகொடூரமான ஒரு கீறல் சத்தம் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்றாராம். கேட்ட இன்பம் போகவில்லை, நினைவுதான் கெட்டது என்கிறார் கானமன். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இதை வைத்து அன்றாடத்தில் என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குப் பாயசம் தீராமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இரண்டு பேருடன் சேர்ந்து அவர் எழுதிய 'நாய்ஸ்' 2021இல் வந்தது. அதையும் வாங்கினேன். ஒரு நீள்கட்டுரைக்கு உரிய விஷயத்தை ரொம்பவே இழுத்திருக்கிறார்கள், என் வாசிப்பு பாதியில் நிற்கிறது.