திருப்பூரில் நாய்க்கு அளவெடுத்துத் தைக்கும் கடை: எங்கள் மல்லிக்குத் தைத்த பாடி பெல்ட்டும் மழைக்கோட்டும்

எங்கள் மல்லி சிப்பிப்பாறை. நான்கு வயது, செவலை நிறம், 19 கிலோ. இந்த வகை நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், கடையில் தொங்கும் எந்த பெல்ட்டும் இதுகளுக்குச் சேராது. மார்புக்கூடு ஆழமாக இறங்கியிருக்கும், இடுப்பு ஒட்டிக்கிடக்கும், தலை கழுத்தைவிட ஒன்றும் பெரிதாக இருக்காது. கழுத்துக்குப் பார்த்து வாங்கினால் மார்பில் கிளிப் எட்டாது. மார்புக்குப் பார்த்து வாங்கினால் கழுத்தில் தொளதொளவென்று கிடக்கும்.

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வரை ஆன்லைனில் வாங்கிய ஒரு பாடி பெல்ட்டைத்தான் (கழுத்தையும் நெஞ்சையும் சேர்த்து மாட்டும் பட்டை) போட்டுக்கொண்டிருந்தோம். 15 கிலோவிலிருந்து 25 கிலோ வரைக்கும் 'எம்' சைஸ் என்று போட்டிருந்தது, எடையை மட்டும் பார்த்து வாங்கினேன். அவிநாசியில் எங்கள் வீதி முனையில் யாரோ சரவெடி வைக்க, மல்லி மிரண்டு பின்பக்கமாகவே நகர்ந்தாள். பனியனைத் தலைவழியாக உருவுவதுபோல பெல்ட் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிட்டது. என் கையில் வெறும் பெல்ட்டும் கயிறும். அவள் பைபாஸ் பக்கம் ஓடிவிட்டாள், பொழுது இறங்கிய நேரம், லாரி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் கழித்து ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அதற்கப்புறம்தான் தெரிந்த ஒருவர் சொல்லி இந்தக் கடைக்குப் போனேன். திருப்பூர் ராயபுரம் பக்கம் ஒரு சந்தில், வீட்டின் முன்னறைதான் கடை. பெயர்ப்பலகை கிடையாது. சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் என்று மூன்று தையல் மெஷின், சுவரோரம் மூட்டை மூட்டையாகக் கட்டிங் வேஸ்ட் துணி. மாஸ்டர் பல வருடம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், கூடவே ஒரு அக்கா தைக்கிறார். பனியன் ஆர்டர் குறைந்த சமயத்தில் தங்கள் வீட்டு நாய்க்குத் தைத்துப் பார்த்து, அப்படியே இது தொழிலாகிவிட்டதாகச் சொன்னார்கள்.

"எடை 19 கிலோங்க மாஸ்டர், என்ன சைஸ் வருமுங்க?" என்று கேட்டேன்.

"எடையக் கேட்டு யாராச்சும் சட்டை தெப்பாங்களா அம்மணி? மொதல்ல நெஞ்சளவு வேணும்" என்றார்.

வீட்டிலேயே நான் அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மல்லி உட்கார்ந்திருந்தபோது எடுத்த அளவு அது என்றதும் சீட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். உடனே டேப்பைச் சுற்றவும் இல்லை. டேப்பைத் தரையில் போட்டு, அவளாக வந்து மோந்து பார்க்கட்டும் என்று கால் மணி நேரம் விட்டார்கள். பிறகு சமதரையில் நாலு காலும் நேராக ஊன்றி நிற்க வைத்து, என்னைப் பிஸ்கட்டோடு எதிரில் உட்காரச் சொன்னார் அக்கா. தலை குனிந்தால் முதுகு நீண்டுவிடும், அளவு தப்பும், அதனால் பிஸ்கட் அவள் மூக்கு உயரத்துக்கே இருக்க வேண்டும்.

கழுத்தை மாஸ்டர் இரண்டு இடத்தில் அளவெடுத்தார். காதுக்குக் கீழே, மெலிந்த இடத்தில் 14 இஞ்சு. கழுத்து போய்த் தோளில் சேரும் அடிப்பகுதியில் பதினாறரை. அப்புறம் காதையும் தாடையையும் சேர்த்துத் தலையைச் சுற்றி ஒரு அளவு, 15. இந்த மூன்று எண்ணையும் பார்த்ததும்தான் தீபாவளியன்று என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது. பாடி பெல்ட்டின் கழுத்து வளையம் உட்காருவது அடிக்கழுத்தில். பதினாறரைக்கு இருக்கும் வளையம் 15 இஞ்சுத் தலையைத் தாண்டி வராமல் என்ன செய்யும்? நாய் முன்னால் இழுத்துக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது, பின்னால் போனால் கழன்றுவிடும். வேட்டைக்கென்று வளர்த்த இந்த மெலிந்த நாய்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான், கன்னி வகை நாய் வைத்திருப்பவர்களும் கவனித்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சளவை முன்னங்காலுக்குப் பின்னால், முழங்கை மடிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, விலாவின் அகலமான இடத்தில் எடுத்தார். மூன்று முறை. 27, 27, இருபத்தேழரை. நான் வீட்டில் எடுத்ததற்கும் இதற்கும் ஒன்றரை இஞ்சு வித்தியாசம். இடுப்பு பதினெட்டரை. அதே 19 கிலோவில் ஒரு சாதாரண நாட்டு நாய்க்கு நெஞ்சுக்கும் இடுப்புக்கும் இவ்வளவு இறக்கம் இருக்காது, எடை ஒன்றாக இருந்து என்ன பிரயோஜனம். நெஞ்சின் முன்னெலும்பு முனையிலிருந்து கால்களுக்கு நடுவே நெஞ்சுப்பட்டை வரும் இடம் வரைக்கும் 8 இஞ்சு, தோள்மேட்டிலிருந்து வால் அடி வரை 25. எல்லாவற்றையும் சாக்கட்டியால் மேசையிலேயே எழுதி, ஒரு நாய் படமும் போட்டு வைத்துக்கொண்டார்.

பெல்ட்டுக்கான நாடாவை எடுத்ததும் வெட்டிவிடவில்லை. கட்டிங் வேஸ்டில் பட்டை கிழித்து, குத்தூசி எதுவும் குத்தாமல் முடிச்சு முடிச்சாகப் போட்டு அவள்மேல் ஒரு மாதிரி கட்டிவிட்டார். சந்துக்குள் நாலு தடவை நடக்கவிட்டுப் பார்த்தார். பழைய பெல்ட்டில் மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை போகும், நடக்க நடக்க அது தோளை மறிக்கும், பக்கப் பட்டை அக்குளில் உரசி முடி போய் எட்டணா அளவுக்குச் சிவந்திருந்தது. இவர் குறுக்குப் பட்டையை எடுத்துவிட்டு, கழுத்தின் இரு பக்கமிருந்தும் இறங்கி முன்னெலும்பில் ஒன்றாகச் சேர்ந்து கால்களுக்கு நடுவே பின்னால் போகும்படி செய்தார். தோள் முழுக்க வெளியே. அப்புறம் எனக்காக மூன்றாவதாக ஒரு பட்டை, விலா முடிந்து இடுப்பு ஒடுங்கும் இடத்தில். 18 இஞ்சுச் சொச்சத்துக்கு மாட்டிய அந்தப் பட்டை 27 இஞ்சு நெஞ்சைத் தாண்டி முன்னால் வர முடியாது. அதனால் அவள் எவ்வளவு பின்னால் நகர்ந்தாலும் பெல்ட் தலைக்குப் போகாது. எல்லாப் பட்டையிலும் இரண்டு விரல் படுக்கையாக நுழையணும், மூன்றாவது விரல் நுழையக் கூடாது என்று என் கையைப் பிடித்தே காட்டினார்.

தையலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கயிறு மாட்டும் டி வளையம் சேரும் இடத்தில் சதுரம் போட்டு, நடுவில் பெருக்கல் குறி போட்டு, அதன்மேலேயே இன்னொரு தடவை ஓட்டியிருக்கிறார். நூல் ஒரு இடத்தில்கூடத் தளரவில்லை. நாடாவின் வெட்டு முனைகளைத் தீயில் காட்டி உருக்கி, விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்த ஒரு முனையைத் திரும்ப உருக்கினார். அக்குள் பக்கம் வரும் பட்டைக்கு உள்ளே பனியன் துணி வைத்துச் சுற்றியிருக்கிறார். அந்தச் சிவப்பு மூன்று வாரத்தில் ஆறிவிட்டது.

மழைக்கோட்டு மேலே விண்ட்சீட்டர் துணி, உள்ளே மெல்லிய வலைத்துணி. வாலுக்கு ஒன்றரை இஞ்சு முன்பே நிறுத்திவிட்டார். ஆண் நாயாக இருந்தால் வயிற்றுப் பக்கத்தை இன்னும் மேலே ஏற்றி வெட்டணும், இல்லாவிட்டால் காலைத் தூக்கும்போதெல்லாம் துணி நனையும் என்றார் அக்கா. ஒரு குறை இதில்தான். கயிறு மாட்டுவதற்கு முதுகில் விட்ட திறப்பு வளையத்துக்கு நேராக வராமல் இரண்டு இஞ்சு தள்ளிப்போய்விட்டது, பெல்ட்டைப் போடாமல் அளந்ததால் வந்த பிசகு. மாட்டிப் பார்த்ததுமே ஒத்துக்கொண்டு காசு வாங்காமல் சரிசெய்து தந்தார், ஆனாலும் பழைய திறப்பை அடைத்த ஒட்டு தெரிகிறது. வயிற்றுக்கு வைத்த வெல்க்ரோவும் எனக்குப் பிடிக்கவில்லை, நாலு மாதத்தில் முடி ஏறிப் பிடிப்பு போய்விட்டது. நீங்கள் தைப்பதானால் அதற்கும் கிளிப்பே வைக்கச் சொல்லுங்கள்.

நான் போயிருந்தபோது ஒருவர் பக் நாயைத் தூக்கிக்கொண்டு வந்து, கல்யாண வீட்டுக்கு ஜிகினா வைத்து முழு உடுப்பு கேட்டார். கல்யாணம் சித்திரையில் என்றதும் அக்கா மறுத்துவிட்டார். "அதுக்கு மூச்சு வாங்கித்தானுங்க சூடு எறங்கோணும், மூக்கே இல்லாத நாய்ங்க, வெயில்ல துணி போட்டா தாங்காதுங்க. கழுத்துக்கு மட்டும் ஒரு துண்டு தெச்சுத் தாரேன்" என்றார். வந்த ஆர்டரை விட்டுவிட்டு இப்படிச் சொல்வதைப் பார்த்ததில் எனக்கு இந்தக் கடைமேல் மரியாதை கூடியது. நாய்க்கு நம் மாதிரி உடம்பெல்லாம் வியர்க்காது, நம் ஊர் வெயிலுக்கு அதற்குத் துணியே வேண்டியதில்லை. மழைக்கு, ஊட்டி வால்பாறைக் குளிருக்கு, கருத்தடை ஆபரேஷன் முடிந்து தையலை நக்காமல் இருப்பதற்கு, இவ்வளவுதான். அந்த ஆபரேஷன் சட்டையைப் பனியன் துணியில் ரொம்ப நன்றாகத் தைக்கிறார்கள், பக்கத்து வீட்டு நாய்க்கு வாங்கிக் கொடுத்தேன்.

பாடி பெல்ட் 750 ரூபாய், மழைக்கோட்டு 900. ஆன்லைனில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும்தான். ஐந்து நாளில் தருகிறேன் என்று சொல்லிப் பதினோரு நாள் ஆக்கினார்கள், இரண்டு தடவை சும்மா அலைந்தேன், அது எனக்கு வருத்தம்தான். குட்டி நாய்க்குக் கேட்டால் ஒரு வயது ஆகட்டும் என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

சித்திரைத் தேருக்கு அவிநாசியில் வேட்டுச் சத்தம் கேட்டதும் மல்லி அதே மாதிரி மிரண்டு, அதே மாதிரி பின்னங்காலை ஊன்றிப் பின்னால் இழுத்தாள். எனக்குக் கை வியர்த்துவிட்டது. இடுப்புப் பட்டை விலாவில் முட்டி நின்றது, அதற்குமேல் ஒரு விரல்கூட நகரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

தூரத்தில் இருப்பவர்கள் அளவை வாட்ஸப்பில் அனுப்பினாலும் தைக்கிறார்கள். நிற்க வைத்து எடுங்கள், தையல்கடை டேப் இல்லையென்றால் சணலைச் சுற்றிவிட்டு அதை ஸ்கேலில் வைத்து அளங்கள், தலைச்சுற்றளவை மறக்காதீர்கள், பக்கவாட்டில் நிற்கும் படம் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள். முடிந்தவரை நாயையே கூட்டிக்கொண்டு போவது நல்லது. தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆயுத பூஜைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். போனஸ் போட்டு ஊரே காலியானால் இவர்களும் கடையைச் சாத்திவிட்டுப் பத்து நாள் ஊருக்குப் போய்விடுகிறார்கள்.