சம்ப் மோட்டாரும் ஹோம் அசிஸ்டென்ட்டும்: எட்டு மாத அனுபவம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் சம்ப்பிலிருந்து, அதாவது தரைக்கடித் தொட்டியிலிருந்து, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற முன்பு ஒரு ஸ்மார்ட் சுவிட்ச் வைத்திருந்தேன். எங்கோ இருக்கும் கம்பெனி சர்வரைக் கேட்காமல் அது மோட்டாரைத் தொடாது. ஒரு விடியற்காலை சர்வர் படுத்துவிட்டது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் மாடிப்படியில் அருவியாக இறங்க, வெறுங்காலோடு ஓடி மெயினை அணைத்தேன்.

அதற்குப் பிறகுதான் ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியில் ஹோம் அசிஸ்டென்ட். வீட்டுச் சாதனங்களை இயக்குவது இது. 2013இல் தொடங்கிய திறமூல மென்பொருள், இலவசம், வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடையில் ரிலே பலகை வாங்கினேன். ரிலே என்பது கட்டளை வந்தால் தானே போட்டு அணைக்கும் சுவிட்ச். "மோட்டாருக்கு ரிலே தாங்காது, நடுவில் காண்டாக்டர் போடுங்கள் மேடம்" என்றார் கடைக்காரர். காண்டாக்டர் என்பது அதிக மின்சாரம் தாங்கும் பெரிய ரிலே. எலக்ட்ரீஷியனும் அதையே சொன்னார்.

இப்படிப்பட்ட பலகைகளுக்குக் கட்டளை எழுதும் ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருளில் சில வரிகள் எழுதினேன்: தொட்டியில் மிதக்கும் ஃப்ளோட் மேலே வந்தால் மோட்டார் நிற்க வேண்டும். இந்தக் கட்டளை பலகையிலேயே இருப்பதால் வைஃபை போனாலும் வேலை செய்கிறது. ஆனாலும் தொட்டி பாதி நிரம்பும்போதே மோட்டார் நின்றுகொண்டிருந்தது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஹோம் அசிஸ்டென்ட்டோடு தொடர்பு அறுந்து 15 நிமிடமானால் பலகை தானே மறுதொடக்கம் செய்துகொள்ளுமாம், மோட்டாரும் நின்றுவிடுமாம்! அந்த எண்ணைப் பூஜ்யமாக்கியதும் சரியானது.

இப்படி எதையும் மாற்ற முடிவதுதான் இதன் அழகு. ஆனால் கதவைப் பூட்டுவதும் நம் வேலையாகிவிடுகிறது. நான் வங்கியில் லாக்கர் பிரிவில் இருந்தவள். வாடிக்கையாளர் சாவியும் வங்கிச் சாவியும் சேராமல் லாக்கர் திறக்காது. இங்கே இரண்டாம் சாவி, அதாவது கைப்பேசியில் வரும் ஆறு இலக்க எண், இருக்கிறது. நாமாகப் போட்டால்தான் உண்டு. தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடிப்பவரைத் தடுக்கும் வசதியையும் அமைப்புக் கோப்பில் நாமே எழுத வேண்டும். இதையெல்லாம் மென்பொருளே தொடக்கத்தில் நம்மிடம் கேட்டிருக்கலாம் என்பது என் குறை.

வெளியார் எழுதும் கூடுதல் இணைப்புகள் இன்னொரு தலைவலி. அவை மென்பொருளுக்குள் முழு உரிமையோடு ஓடுபவை. 2021 ஜனவரியில் அப்படிப்பட்ட சிலவற்றில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது தெரிந்து, ஹோம் அசிஸ்டென்ட் குழுவே எச்சரிக்கை விட்டது. ஆசையாகப் போட்டிருந்த ஏழில் ஐந்தை நீக்கிவிட்டேன். பஞ்சாங்கம் காட்டுவது ஒன்று போனதில் மட்டும் கொஞ்சம் வருத்தம். ரூட்டரில் போர்ட் எதையும், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழி எதையும், திறக்கவில்லை. வெளியூர் போனால் விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாகத்தான் பார்க்கிறேன்.

மின்வெட்டில் ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டு ஒன்று செத்தது. இப்போது அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற சேமிப்புத் தட்டு.

மேல்வீட்டுக்காரர் தமக்கும் ஒன்று அமைத்துத் தரச் சொல்கிறார். மாதாமாதம் போய் அப்டேட் போட்டுக் கொடுக்க என்னால் ஆகாது. "உங்களுக்கு வெறும் ஃப்ளோட் சுவிட்ச் போதும் சார்" என்று சொல்லிவிட்டேன்.