ஜே-பால், தமிழ்நாடு அரசு கூட்டுறவு: ஒரு மதிப்புரை

அரசுத் திட்டங்களின் பலனைக் களத்தில் அளந்து சொல்லும் ஜே-பால் ஆய்வகத்துடன் தமிழ்நாடு அரசு 2014-இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆய்வு முடிந்தபின் அறிக்கையை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல், தொடக்கத்திலேயே துறையைப் பங்காளியாக்கும் ஏற்பாடு இது என்பதே இதன் பெரிய பலம்.

அங்கன்வாடி ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். 320 மையங்களில் குலுக்கல் முறையில் தேர்ந்த பாதியில் மட்டும் அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக நியமிக்கப்பட்டார். புதியவர் பாடம் நடத்த, பழையவருக்குப் பதிவேடுகளையும் ஊட்டச்சத்துப் பணிகளையும் கவனிக்க நேரம் கிடைத்தது. முன்பருவக் கல்விக்கான நேரம் இரட்டிப்பாகி, 18 மாதங்களில் குழந்தைகளின் கணக்கும் மொழியும் முன்னேறியதோடு, வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. செலவிடும் பணத்துக்குப் பலன் உண்டா என்று நிதித்துறை கேட்கும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது.

குறை என்றால் வேகம்தான். விடை வருவதற்குள் கேள்வி கேட்ட செயலாளர் வேறு துறைக்கு மாற்றலாகிவிடக்கூடும் (நம் நிர்வாகத்தில் இது புதிதன்று). ஆகவே, முடிவெடுக்கும் தேதியை முன்கூட்டியே சொல்லக்கூடிய துறைகளுக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவசர அறிவிப்புகளுக்கு இது உதவாது.