டிஸ்க், டவுன்லோட், 'எக்கவுண்ட்': காசு குடுத்து வாங்கின கேம் ஆருக்குச் சொந்தம்?

ரொறன்ரோவில் இருக்கிற சின்னண்ணா போன மாதம் வைபரில் கேட்டார்: "அக்காவின்ர பொடியனுக்கு பிளேஸ்டேஷன் 5 கொண்டு வரப்போறன். டிஸ்க் போடுறது ஒண்டு இருக்கு, போடாதது ஒண்டு இருக்கு. போடாதது மலிவு. எது வேணும் எண்டு கேட்டுச் சொல்லு."

மருமகன் ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறான். அவனுக்கு இது யோசிக்கிற விஷயமாகவே படவில்லை. "மலிவானதை எடுக்கச் சொல்லுங்கோ மாமா. மிச்சக் காசுக்கு கேம் வாங்கலாம்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 2020 நவம்பரில் பிஎஸ்5 என்ற இந்தக் கேம் பெட்டி முதலில் வந்தபோது டிஸ்க் போடுகிற பெட்டி 499 டொலர், போடாதது 399. டொலரை 300 ரூபா என்று வைத்தால் அந்த நூறு டொலர் 30,000 ரூபா. யாழ்ப்பாணத்தில் அது சின்னக் காசில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். முன்பக்கம் முழுக்க போன் கவரும் சார்ஜரும். பின்பக்கம் கண்ணாடி அலுமாரிக்குள் பாவித்த டிஸ்க்குகள். மருமகன் கேட்ட கால்பந்து கேமைக் கடைக்காரர் எடுத்து, ட்யூப் லைற்றுக்குக் கீழே சாய்த்துப் பிடித்துக் காட்டினார்.

"இப்பிடிப் பாரும் தம்பி. நடுவில இருந்து வெளிய போற கீறல் எண்டா பரவாயில்லை. வட்டத்தோட வட்டமா ஓடுற கீறல் எண்டா ஆர் தந்தாலும் எடுக்காதேயும்."

விலை 9,500 ரூபா. மருமகன் தானாகவே அடுத்த கேள்வியைக் கேட்டான்: "திருப்பிக் கொண்டு வந்தா எவ்வளவுக்கு எடுப்பியள் அண்ணை?"

"ரண்டு மாதத்துக்குள்ள எண்டா ஏழாயிரம் தருவன்."

ஆக, இரண்டு மாத விளையாட்டுக்குச் செலவு 2,500 ரூபா. டிஸ்க் போடாத பெட்டிக்கு ஒன்லைன் ஸ்ரோரில்தான் கேம் வாங்கலாம். புதிதாக வருகிற பெரிய கேம் ஒன்றுக்கு அங்கே 70 டொலர் கேட்கிறார்கள், அதாவது 21,000 ரூபா. விளையாடி அலுத்த பிறகு அதைத் திருப்பி எடுக்க ஆளில்லை. முப்பதாயிரம் ரூபா மிச்சம் என்ற கணக்கு இரண்டாவது கேமிலேயே ஆட்டம் காண்கிறது.

டிஸ்க்: அறுதியாய் வாங்கின காணி

அந்தக் கடைக்காரர் பழைய டிஸ்க் விற்பதற்கு பிளேஸ்டேஷன் செய்கிற சோனியிடமோ, கேம் செய்த கொம்பனியிடமோ உத்தரவு கேட்பதில்லை. ஏன் கேட்கத் தேவையில்லை என்பதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வழக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பதிப்பகம் தன் நாவலுக்குள், "ஒரு டொலருக்குக் குறைத்து விற்றால் அது பதிப்புரிமை மீறல்" என்று அச்சடித்து வைத்தது. மேசிஸ் என்ற பெரிய கடைக்காரர் அதைக் கணக்கெடுக்காமல் 89 சதத்துக்கு விற்றார்கள். 1908இல் அந்நாட்டு அதியுயர் நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் நின்றது: ஒரு பிரதியை ஒருமுறை விற்றால், அந்தப் பிரதியின் மேலிருந்த பிடியும் அத்தோடு விட்டது. கேமுக்கென்றே நடந்த வழக்கு ஜப்பானில். பெரிய கேம் கொம்பனிகள் சேர்ந்து பழைய கேம் விற்கிற கடைகளை நிறுத்தப் பார்த்தன. 2002 ஏப்ரலில் அங்குள்ள அதியுயர் நீதிமன்றமும் இதையே சொல்லிவிட்டது.

எங்கட ஆட்களுக்கு இதைக் காணிப் பேச்சில் சொன்னால் விளங்கும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி கூட்டுக் காணியில் தன் பங்கை விற்கிறவர் பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டும். அவ்வளவு இறுக்கமான வழமைகூட, உனக்குக் காணி விற்றவனைத் தேடிப் போய் உத்தரவு வாங்கு என்று சொன்னதில்லை. உறுதி கை மாறினால் பழைய சொந்தக்காரனுக்கு அதில் கதை இல்லை.

ஆனால் டிஸ்க்கைக் கோயில் கட்டிக் கும்பிடவும் ஏலாது. பிஎஸ்2 காலத்தில் பற்பசை தேய்த்துக் கீறல் போக்கின கைப்பழக்கம் பலரிடம் இன்னும் இருக்கிறது. பிஎஸ்2 பாவித்த டிவிடியில் தரவு பதிந்த படலம் மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீற்றர் உள்ளே இருக்கும், மேலே தேய்க்க இடமிருந்தது. பிஎஸ்5 பாவிக்கிற புளூ-ரே டிஸ்க்கில் அது 0.1 மில்லிமீற்றர்தான், அதன்மேல் ஒரு கடினப் பூச்சு. பற்பசை போட்டுத் தேய்த்தால் அந்தப் பூச்சுத்தான் போகும்.

அதைவிடப் பெரிய ஏமாற்று, டிஸ்க் என்ற பெயரில் வெறும் திறப்பை விற்பது. 2022இல் வந்த கோல் ஒஃப் டியூட்டி என்ற போர் கேமின் டிஸ்க்கில் இருந்தது 70 மெகாபைட் அளவுதான். மீதி முழுவதையும் டவுன்லோட் பண்ண வேண்டும். யூபிசொஃப்ட் கொம்பனியின் 'த குரூ' காரோட்ட கேமை டிஸ்க்கில் வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் 2024 மார்ச் 31ஆம் திகதியோடு அது கைவிட்டுப் போனது. கொம்பனியின் கொம்பியூட்டரான சேர்வர் இல்லாமல் அது ஓடாது, சேர்வரை நிறுத்திவிட்டார்கள். டிஸ்க் அலுமாரியில் பத்திரமாய் இருக்கும். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். ஐரோப்பாவில் அதற்கு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துத் தாண்டிவிட்டது. எனவே பழைய டிஸ்க் வாங்குகிறவர் கீறலைப் பார்ப்பதற்கு முன்னால், இது இன்ரநெற் இல்லாமல் ஓடுமா என்று போனில் தேடிப் பார்ப்பது நல்லது.

டவுன்லோட்: "இருந்துகொள்" என்று விட்ட வீடு

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் "நீங்கள் இருந்துகொள்ளுங்கோ" என்ற வாய்ச்சொல்லில் குடியிருக்கிற குடும்பங்கள் எங்கட ஊரில் எத்தனை? நிம்மதியாய் இருக்கலாம், முற்றத்தில் கறிவேப்பிலை நடலாம். ஆனால் வீட்டை விற்க ஏலாது, மகளுக்குச் சீதனமாய் எழுத ஏலாது. டவுன்லோட் கேமும் அப்படித்தான். 'வாங்கு' என்று பொத்தானில் எழுதியிருக்கும். கிடைப்பது விளையாடுகிற அனுமதி மட்டும்.

கலிபோர்னியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டு வந்து, 2025 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அனுமதியை மட்டும் விற்கிறவர்கள் அதை மறைத்து 'வாங்கு' என்று எழுதக்கூடாது. கொம்பியூட்டர் கேம் விற்கிற ஒன்லைன் ஸ்ரோரான ஸ்டீம் அதற்குச் சில மாதங்கள் முன்பே, காசு கட்டுகிற இடத்தில் உண்மையை ஒரு வரியில் போட்டுவிட்டது. எழுத்து சின்னது, எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்?

விற்கிற உரிமை கேட்டு பிரான்சில் யூஎஃப்சி-கே சுவாசீர் என்ற பாவனையாளர் சங்கம் ஸ்டீமின் சொந்தக்காரரான வால்வ் மீது வழக்குப் போட்டது. 2019இல் பரிஸ் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம். 2022இல் மேன்முறையீட்டில் தலைகீழ். 2024 ஒக்ரோபரில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமும் வால்வ் பக்கமே நின்றது. இத்தனைக்கும் 2012இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், டவுன்லோட் பண்ணின மென்பொருளின் உரிமத்தை இன்னொருவருக்கு விற்கலாம் என்று ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. கேம் வெறும் மென்பொருள் இல்லை, படமும் இசையும் கதையும் சேர்ந்தது, ஆகவே அந்தத் தீர்ப்பு இதற்குப் பொருந்தாது என்று பிரெஞ்சு நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். டிஜிற்றல் பிரதி தேயாது, பழசாகாது, அப்படியானால் 'பழசு' என்று எதை விற்பது என்பது விற்கக்கூடாது என்கிறவர்களின் வாதம். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் தேயாத பொருளுக்குப் புது விலையை மட்டும் முழுசாய் வாங்குவது எந்த ஊர் நியாயம்?

டவுன்லோட் பக்கமும் பேச இருக்கிறது. கொம்பியூட்டரில் விளையாடுகிறவருக்கு டிஸ்க் என்ற பேச்சே இப்போது இல்லை. ஸ்டீமில் தெற்காசியாவுக்கென்று டொலரில் தனி விலை உண்டு. மலிவு விற்பனை நாட்களில் ஒரு கொத்துரொட்டிக் காசுக்கு நல்ல கேம் கிடைக்கும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாய் விளையாடியிருந்தால் காசு திரும்பும். எங்கட எந்தக் கடையிலும் இப்படி ஒரு வசதி எனக்குக் கிடைத்ததில்லை. கொம்பியூட்டர்காரருக்கு இன்னொரு நல்ல வழி ஜிஓஜி என்ற ஒன்லைன் ஸ்ரோர். அங்கேயும் விற்க ஏலாது, ஆனால் கேமைப் பதிகிற இன்ஸ்ரோலர் கோப்பை முழுசாய் இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். பிறகு ஆரும் வந்து பறிக்க முடியாது. 100 ஜிபி கேமை இரவு டேட்டா கோட்டா பார்த்து மூன்று நாள் இறக்குகிற வீட்டுக்கு அது பெரிய ஆறுதல்.

'எக்கவுண்ட்': நான் சுட்டுக்கொண்ட கை

சோனியின் ஒன்லைன் சேவையான பிளேஸ்டேஷன் நெற்வேர்க் இயங்குகிற நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் இங்கே விளையாடுகிறவர்கள் டுபாய்க்காரராகவோ அமெரிக்கராகவோ பதிந்துதான் உள்ளே போகிறார்கள். உள்ளூர் வங்கி அட்டை பெரும்பாலும் வேலை செய்யாது, கிஃப்ட் கார்ட் வாங்க வேண்டும். இந்த இடைவெளியில் முளைத்ததுதான் எக்கவுண்ட் வியாபாரம். ஆரோ ஒருவர் ஒரு எக்கவுண்டில் கேமை வாங்குவார். அதைப் 'பிரைமரி' என்று ஒருவருக்கும் 'செக்கண்டரி' என்று இன்னொருவருக்கும் விற்பார். விலை கால்வாசி.

2021இல், வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில், நானும் ஒன்று வாங்கினேன். மூன்று மாதம் பிசகில்லாமல் ஓடியது. நாலாம் மாதம் ஒருநாள் திரையில் பூட்டுச் சின்னம். பாஸ்வேர்ட் மாறியிருந்தது. விற்ற கடைக்குப் போன் எடுத்தேன். "ரிசெட் ஆகியிருக்கு அண்ணை, நாளைக்குப் பாப்பம்." அந்த நாளை இன்னும் வரவில்லை. பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பாவனையாளர் அதிகார சபையின் முறைப்பாட்டு இலக்கமான 1977க்குப் போன் அடித்து என்ன சொல்வது? விதி மீறி விற்ற எக்கவுண்டை விதி மீறி வாங்கினேன், நீதி தாருங்கள் என்றா? நூறு ரூபாவுக்குக் கொப்பி டிவிடி வாங்கின காலத்தில்கூட, சட்டப்படி பிழையென்றாலும் டிஸ்க் கையில் இருந்தது. இதில் அதுவும் இல்லை. மூன்றில் இது ஒன்றை மட்டும் ஆருக்கும் சொல்லமாட்டேன்.

இடைநடுவில் நிற்பவை

நின்டெண்டோ 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 என்ற தன் கேம் பெட்டியோடு 'கேம் கீ கார்ட்' என்று ஒன்றைக் கொண்டு வந்தது. கார்ட்டுக்குள் கேம் இல்லை, டவுன்லோட் பண்ண அனுமதிக்கிற திறப்பு மட்டும். ஆனால் கார்ட்டை விற்கலாம், இரவல் குடுக்கலாம். ஒத்திக் காணி மாதிரி, பலனை அனுபவிக்கலாம், ஆனால் சேர்வர் என்கிற காணிக்காரன் பின்னால் இருக்கிறான். மாதச் சந்தா கட்டி கேம் விளையாடுவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது வாடகை, வாடகை என்று சொல்லியே வாங்குகிறார்கள், அந்த மட்டில் நேர்மை.

ஒரு பழைய கதை. 2013 ஜூனில் மைக்ரோசொஃப்ட், எக்ஸ்பொக்ஸ் வன் என்ற தன் கேம் பெட்டியில் 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இன்ரநெற்றில் சரிபார்க்க வேண்டும், பழைய கேம் விற்பதும் கட்டுப்பாட்டுக்குள் என்றது. சோனி உடனே ஒரு குட்டி வீடியோ போட்டது: பிஎஸ்4 கேமை நண்பனோடு பகிர்வது எப்படி? ஒருவர் டிஸ்க் பெட்டியை மற்றவர் கையில் குடுக்கிறார், முடிந்தது. உலகமே சிரித்தது. மைக்ரோசொஃப்ட் அந்த மாதமே பின்வாங்கியது. அதே சோனி 2024 நவம்பரில் 700 டொலருக்கு பிஎஸ்5 ப்ரோவை விற்கத் தொடங்கியபோது அதில் டிஸ்க் போட இடமே இல்லை. வேண்டுமென்றால் டிஸ்க் டிரைவை 80 டொலருக்குத் தனியாய் வாங்கிப் பூட்டு என்றார்கள்.

மருமகனும் அதைத்தான் கடைசியாய்ப் பிடித்தான். "பிறகு டிரைவ் வாங்கிப் பூட்டலாம்தானே மாமா?" 2023 கடைசியில் வந்த மெலிந்த மொடல் என்றால் பூட்டலாம். பூட்டும்போது ஒருமுறை இன்ரநெற்றில் சோனியிடம் பதிய வேண்டும். மிச்சம் பிடித்த காசும் அங்கே போய்விடும். அதோடு, அந்த டிரைவை இங்கே எந்தக் கடையில் தேடுவது?

அவன் பிறகு பேசவில்லை. டிஸ்க் போடுகிறதையே கொண்டு வரச் சொல்லி சின்னண்ணாவுக்கு எழுதினோம். பதில் வந்தது: "சரி. இஞ்ச பழைய டிஸ்க் மலிவாக் கிடக்கு. நாலஞ்சு வாங்கி சூட்கேசில போடட்டோ?"

போடச் சொன்னேன். பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டில் வாங்கினாலும் இங்கே ஓடும், மேலதிகமாய் வாங்குகிற பகுதிகள்தான் டிஸ்க்கின் பிராந்தியத்தோடு எக்கவுண்ட் ஒத்துப்போனால் சேரும். டிஸ்க் கனடாவிலிருந்து வருவதால், அந்தப் பகுதிகளும் வேண்டுமென்றால் மருமகனின் டுபாய் எக்கவுண்டை விட்டுவிட்டு வட அமெரிக்க எக்கவுண்ட் ஒன்று திறக்க வேண்டும். அதற்கிடையில் மருமகன் என் போனைப் பறித்துத் தானே ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினான்: "சின்ன மாமா, வாங்கேக்க லைற்றில பிடிச்சுப் பாருங்கோ. வட்டமாக் கீறல் இருந்தா எடுக்காதேங்கோ."